கிரிக்கெட் நோட்டும் தேர்தல் நோட்டீசும்

(நெய்வேலியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "பதினஞ்சு நிமிஷம் பேசணும் தம்பி. தலைப்பு உன் இஷ்டம். அரசியல் மட்டும் வேண்டாம்" என்றார். "கிரிக்கெட் பத்திப் பேசறேண்ணே" என்றேன். "ரொம்ப நல்லது" என்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவருக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அண்ணே, கிரிக்கெட்டில்தான் தொடங்குகிறேன். போய்ச் சேருவது தேர்தல் விளம்பரத்தில். ஆனால் யாருக்கும் ஓட்டுக் கேட்க மாட்டேன். நான் ஒரு கட்சியின் ஆதரவாளன். எந்தக் கட்சி என்பது என் செட்டுக்குத் தெரியும். மற்றவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

நான் இங்கே படித்தது 2007 முதல் 2010 வரை. இயற்பியல் முடித்து, பிறகு பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்ந்து, இன்று ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அளவீட்டுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளராக இருக்கிறேன். நாங்கள் முதலாண்டு படிக்கும்போதுதான் ஐ.பி.எல். பிறந்தது. 2008 ஏப்ரல் 18, பெங்களூருவில் முதல் ஆட்டம். கொல்கத்தாவுக்காக மெக்கல்லம் 158 ரன் அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். மறுநாள் வகுப்பில் ஒருவன் கேட்டான்: "நம்மளும் ஏலம் எடுத்தா என்னடா?"

அப்படி ஆரம்பித்தது எங்கள் நோட்டு. 192 பக்கம், லாங் சைஸ், கட்டம் போட்டது. இளைய தலைமுறை இதை ஃபேன்டஸி கிரிக்கெட் என்று சொல்லும். நாங்கள் 'நோட்டு ஆட்டம்' என்றோம். ஆறு பேர். ஆளுக்கு 100 லட்சம் கற்பனைப் பணம். எங்கள் குவார்ட்டர்ஸ் வராண்டாவில் ஏலம். எந்த நாட்டு வீரரையும், எந்த அணி வீரரையும் வாங்கலாம். 11 பேர் சேர வேண்டும். 100 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அந்த வீரர் உண்மையான ஆட்டத்தில் ரன் எடுத்தால் ரன்னுக்கு ஒரு புள்ளி, விக்கெட் எடுத்தால் இருபது, கேட்ச் பிடித்தால் எட்டு. சீசன் முடிவில் யார் கணக்கு அதிகமோ அவருக்கு மற்ற ஐந்து பேரும் புரோட்டா வாங்கித் தர வேண்டும். காசு கிடையாது. நடுவர் என் அப்பா. முதல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தகராறு வந்தால் அவர் சொல்வதே தீர்ப்பு.

என் பரம எதிரி பத்தாவது வட்டத்துக்காரன். அவன் அப்பா இரண்டாவது சுரங்கம். அதனால் என் அணியின் பெயர் 'மைன்-1', அவன் அணி 'மைன்-2'. நான் சென்னை ரசிகன், அவன் டெண்டுல்கருக்காக மும்பை ரசிகன். எனக்கு ஒரு கட்சி, அவனுக்கு நேர் எதிர்க்கட்சி. ஆறு பேரில் நாலு பேர் வேலை, கல்யாணம், வெளிநாடு என்று விலகிப் புது ஆட்கள் வந்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் மட்டும் விடவில்லை. அவன் இன்று இந்த மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, நான் எங்கே தப்பாகக் கணக்குச் சொல்கிறேன் என்று காத்திருக்கிறான்.

இந்த ஆட்டத்தை நாங்கள் கண்டுபிடித்ததாகப் பெருமை பேச முடியாது. 1980-லேயே அமெரிக்காவில் டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளரும் அவருடைய நண்பர்களும் பேஸ்பாலை வைத்து இதையே ஆடினார்கள். அவர்கள் கூடிய நியூயார்க் உணவகத்தின் பெயரால் அதற்கு 'ரோட்டிசரி' என்று பெயர் வந்தது. அங்கேயும் அடிப்படை விதி ஒன்றுதான்: எல்லோருக்கும் ஒரே அளவு பர்ஸ். நம் நாட்டில் 2008-ல் தொடங்கிய ட்ரீம்11 போன்ற செயலிகள் இதில் காசைக் கொண்டுவந்தன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் காசு வைத்து ஆடும் ஆட்டத்தைத் தடை செய்தது. அந்தச் செயலி காசுப் போட்டிகளை நிறுத்திக்கொண்டது. எங்கள் நோட்டுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. புரோட்டாவைத் தடை செய்ய இன்னும் சட்டம் வரவில்லை.

இந்த நோட்டு எனக்கு ஒரு விஷயத்தைக் கற்றுக்கொடுத்தது. ஏலத்தில் பாசம் செல்லாது. நான் சென்னை ரசிகன். ஆனால் மும்பையின் மலிங்காவை 2011-ல் பெரிய விலை கொடுத்து வாங்கினேன். அந்த ஆண்டு அவர் 28 விக்கெட் எடுத்தார். சென்னை விக்கெட் விழுந்தால் வயிறு எரியும். எடுத்தது மலிங்கா என்றால் இருபது புள்ளி! 2013-ல் அவன் எங்கள் பிராவோவை வாங்கினான். பிராவோ 32 விக்கெட். விக்கெட்டுக்கு மட்டும் 640 புள்ளி. இறுதி ஆட்டத்தில் மும்பை சென்னையைத் தோற்கடித்தது. கோப்பை அவன் ஊருக்கு. ஆனால் நோட்டில் அவனை ஜெயிக்க வைத்தது எங்கள் ஊர் அணியின் ஆள். ஆக, எதிரணிக்காரனின் திறமையை நேர்மையாக எடைபோடத் தெரியாதவன் நோட்டு ஆட்டத்தில் தோற்பான். ரசிகனாக இருந்துகொண்டே ஸ்கோர்கார்டைப் பார்க்கலாம். ரசிகனாக இருப்பதை விடவும் வேண்டாம்.

இப்போது செயலாளர் அண்ணன் பயந்த இடத்துக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் ஐ.பி.எல்.லும் தேர்தலும் ஒரே மாதத்துப் பண்டிகைகள். 2009-ல் நாடாளுமன்றத் தேர்தல் வந்ததால் ஐ.பி.எல்.லையே தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள்; நாம் ஓட்டுப் போட்டது மே 13, சீசனின் நடுவில். 2011-ல் ஏப்ரல் 8 ஐ.பி.எல். தொடக்கம், 13-ஆம் தேதி சட்டமன்ற வாக்குப்பதிவு. 2016-ல் மே 16. 2021-ல் ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, 9 முதல் ஆட்டம். 2024-ல் ஏப்ரல் 19. ஒரு ஓவருக்கும் அடுத்த ஓவருக்கும் நடுவில் ஒரு கையில் ஸ்கோர், இன்னொரு கையில் கட்சி விளம்பரம் என்றே நாங்கள் வளர்ந்தோம். அதனால் இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் சட்டென்று புரியும் ஓர் உதாரணம் சொல்கிறேன்: மின்சார விளம்பரம்.

நாங்கள் படித்த காலம் மின்வெட்டுக் காலம். டவுன்ஷிப்பில் கரண்ட் போவது அபூர்வம். வேலியைத் தாண்டினால் இருட்டு. சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து படித்த நண்பர்கள் ராத்திரி மேட்ச் பார்க்க எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். 2006 தேர்தலில் தி.மு.க. அறிவித்த இலவச கலர் டி.வி. அவர்கள் வீட்டில் இருந்தது. ஆனால் கரண்ட் இல்லை. 2011-ல் அ.தி.மு.க. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று அறிவித்தது. அவையும் வந்தன. 2012-ல் மின்வெட்டு முன்னைவிட மோசம். இரண்டு தரப்பு விளம்பரத்திலும் பொருளின் படம் இருந்தது. அதைச் சொருகுகிற பிளக் பாயிண்டில் என்ன இருக்கிறது என்பது இல்லை.

மின்சாரம் பற்றி எந்தக் கட்சி விளம்பரம் செய்தாலும், "இத்தனை ஆயிரம் மெகாவாட் சேர்த்தோம்" என்றுதான் வரும். வேறு ஊரில் கை தட்டுவார்கள். நெய்வேலிக்காரன் சிரிப்பான். மெகாவாட் என்பது எந்திரத்தின் திறன். வீட்டுக்கு வருவது யூனிட். இரண்டாவது அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் எந்திரங்கள் ஏழு, ஆக மொத்தம் 1,470 மெகாவாட். அதில் ஓர் எந்திரம் 24 மணி நேரமும் முழுத் திறனில் ஓடினால் ஒரு நாளைக்கு 50 லட்சத்து 40 ஆயிரம் யூனிட். பாய்லர் டியூப் லீக் என்று நிறுத்தினால் அன்றைக்குச் சுழி. பலகையில் மட்டும் அப்போதும் 210 என்றே எழுதியிருக்கும்! காற்றாலை என்றால் இன்னும் வேடிக்கை. மே முதல் செப்டம்பர் வரை காற்றுச் சீசன். ஜனவரியில் அதே ஆயிரம் மெகாவாட் காற்றாலை எவ்வளவு கொடுக்கும் என்று எந்த போஸ்டரிலும் போட மாட்டார்கள். எதிர்க்கட்சி விளம்பரமும் லேசுப்பட்டதல்ல. ஒரு நாள் ராத்திரி இரண்டு மணி நேரம் போன கரண்டைப் படம் பிடித்து, வருஷம் முழுக்க இருட்டு என்று போடும்.

இரண்டும் பொய் அல்ல என்பதைக் கவனியுங்கள். எண் சரிதான். ஸ்கோர்கார்டு பாதி. "இவர் கடைசி மூன்று ஆட்டத்தில் 150 ரன்" என்று ஏலத்தில் ஒருவன் கூவினால், நாங்கள் உடனே கேட்போம்: "அதுக்கு முன்னாடி பதினோரு ஆட்டத்துல எவ்வளவுடா?" தேர்தலில் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கேட்டால், "நீ எந்தக் கட்சி?" என்கிறார்கள்.

சரி, இதைக் கேட்க ஓர் ஏற்பாடும் இல்லையா? கொஞ்சம் இருக்கிறது. நோட்டீஸ், போஸ்டர் அடித்தால் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர், முகவரி போட வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127-ஏ பிரிவு சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். என் அப்பா எந்த நோட்டீசை வாங்கினாலும் முதலில் அடிவரியைத்தான் படிப்பார். டி.வி. விளம்பரங்களுக்கு 2004-ல் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. அதன்படி கட்சி விளம்பரங்களை ஒளிபரப்பும் முன் தேர்தல் ஆணையத்தின் குழுவிடம் சான்று வாங்க வேண்டும். 2019 முதல் கூகுளும் முகநூலும், தங்களிடம் வந்த இந்திய அரசியல் விளம்பரங்களுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்ற பட்டியலை வெளியிட்டன.

ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். ஃபேன்டஸி செயலி விளம்பரங்களில் கடைசியில் ஒருவர் மூச்சு விடாமல் ஓர் எச்சரிக்கை படிப்பாரே, நினைவிருக்கிறதா? இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2020 டிசம்பரில் கொண்டுவந்த விதி அது. பண நஷ்டம் வரலாம், அடிமையாகலாம் என்று சொல்லியே தீர வேண்டியிருந்தது. சோப்பு விளம்பரத்தில் பொய் சொன்னாலும் அந்தக் குழுவிடம் புகார் செய்யலாம். அரசியல் விளம்பரம் மட்டும் அதன் எல்லைக்குள் வராது. பதினோரு பேரைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டத்துக்கு எச்சரிக்கை இருந்தது. 234 பேரைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டத்தில், கட்சி தன் பெருமையாகச் சொல்லும் எண்ணுக்கு முழுக் கணக்கு காட்டு என்று கேட்க ஆள் இல்லை.

பர்ஸ் விஷயமும் அப்படித்தான். எங்கள் நோட்டில் எல்லோருக்கும் 100 லட்சம். ஐ.பி.எல். 2025 ஏலத்தில் எல்லா அணிக்கும் 120 கோடி. தேர்தலில் வேட்பாளருக்கு உச்சவரம்பு உண்டு. 2022 ஜனவரியில் உயர்த்தியபோது, தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்றத்துக்கு 40 லட்சம், நாடாளுமன்றத்துக்கு 95 லட்சம் என்று வைத்தார்கள். ஆனால் கட்சியின் செலவுக்கு வரம்பு வைக்கவில்லை. வீரருக்குச் சம்பள உச்சவரம்பு, முதலாளிக்கு இல்லை என்றால் அது என்ன ஏலம்? பணம் எங்கிருந்து வந்தது என்று தெரியாத தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரு கட்சி ஆதரவாளனாக அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன். என் கட்சியும் அதில் வாங்கியதுதான் என்பது தெரிந்தேதான் சந்தோஷப்பட்டேன்.

அதற்காக விளம்பரமே வேண்டாம் என்கிற ஆள் நான் இல்லை. மந்தாரக்குப்பம், வடலூர் பக்கம் சுவரில் எங்கள் சின்னம் புதிதாக வரைந்திருந்தால் பைக்கை நிறுத்திப் பார்ப்பேன். நல்ல கோஷம் காதில் விழுந்தால் ரெண்டு நாள் முணுமுணுப்பேன். ஆதரவாளனுக்கு அந்தச் சந்தோஷம்கூட இல்லாவிட்டால் எப்படி? ஆனால் விளம்பரம்தான் ஜெயிக்க வைக்கிறது என்று நினைப்பது அதிகப்படி. 2004-ல் 'இந்தியா ஒளிர்கிறது' என்று நாடு முழுக்க விளம்பரம் செய்தார்கள். அந்த ஆட்சி தோற்றது. தமிழ்நாட்டில் 39 தொகுதியும் எதிரணிக்குப் போனது.

அப்படியென்றால் விளம்பரத்தால் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். ஆட்சி மாறுவதை விடுங்கள். பக்கத்து வீட்டுக்காரன் முகம் மாறுகிறது. அதைத்தான் நான் பார்த்தேன்.

2021 மார்ச் கடைசி. எங்கள் செட்டின் வாட்ஸ்அப் குழுவில் 43 பேர். ஒருவர் ஒரு துண்டு வீடியோ போட்டார். ஒரு தலைவரின் நீண்ட பேச்சில் பத்து வினாடியை வெட்டிப் பாட்டுச் சேர்த்தது. யார் தயாரித்தது என்று பெயர் இல்லை. பதிலுக்கு அந்தப் பக்கத்து வீடியோ. அதற்குப் பதில். வாக்குப்பதிவுக்குள் 11 பேர் குழுவை விட்டுப் போனார்கள். ஒரு கிரிக்கெட் அணியே வெளியேறிய மாதிரி! அதில் மைன்-2-வும் ஒருவன். பதிமூன்று வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் ஏலம் நடக்கவில்லை. நோட்டில் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது.

மே 2-ஆம் தேதி வாக்கு எண்ணிக்கை. மே 4-ஆம் தேதி கொரோனாவால் ஐ.பி.எல். பாதியில் நின்றது. அதே வாரம் நெய்வேலியில் என் அப்பாவுக்கு மூச்சுத் திணறல். ஆக்சிஜன் அளவு 88. நான் ஓசூரில். அம்மா மட்டும் கூட. அந்த நாட்களில் படுக்கைக்கு நாம் பட்ட பாட்டை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் போனில் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, அவன் கார் கொண்டாந்துட்டான். கண்ணாடிய எல்லாம் இறக்கிவிட்டு அப்பாவ உக்கார வெச்சிட்டான். நீ பதறாம வா." ஐந்து வாரமாக என்னோடு பேசாதவன். யார் சொல்லித் தெரிந்ததோ. இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரி வாசலில் காரிலேயே படுத்திருந்தான்.

அப்பா பிழைத்து வந்தார். வீட்டுக்கு வந்து கொஞ்சம் தெம்பு வந்ததும் நடுவர் கேட்ட முதல் கேள்வி: "இந்த வருஷம் நோட்டுல யாருடா முன்னாடி?" நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். செப்டம்பர் 19-ஆம் தேதி துபாயில் ஐ.பி.எல். மறுபடி தொடங்கியது. முதல் ஆட்டமே சென்னைக்கும் மும்பைக்கும். அதற்கு முந்தின ராத்திரி, மிச்ச ஆட்டங்களுக்கு மட்டும் போனிலேயே ஏலம் போட்டோம். அப்பா தீர்ப்போடு மூன்று விதியும் போட்டார். நோட்டுக்கு மட்டுமல்ல, வாட்ஸ்அப் குழுவுக்கும். போனவர்கள் பதினோரு பேரும் அந்த விதிகளைப் படித்துவிட்டுத்தான் திரும்பி வந்தார்கள்.

முதல் விதி: எண் சொன்னால் முழு ஸ்கோர்கார்டு. எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, எத்தனையில் எத்தனை, யார் எடுத்த கணக்கு. மூன்றும் இல்லாத எண் செல்லாது.

இரண்டாவது விதி: அடிவரி. யார் தயாரித்தது என்று தெரியாத எதையும் அனுப்பக் கூடாது. நோட்டீசுக்குச் சட்டம் கேட்பதை நாம் வீடியோவுக்கும் கேட்போம்.

மூன்றாவதற்கு 'மலிங்கா விதி' என்று பெயர். எதிர்க்கட்சி விளம்பரத்தில் குறை சொல்ல வேண்டுமா? முதலில் உன் கட்சி விளம்பரம் ஒன்றில் உள்ள ஓட்டையைச் சொல். சொல்லிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

2024 தேர்தலில் இது சோதனைக்கு வந்தது. எங்கள் கட்சியைச் சேர்ந்த நண்பர் ஒருவர், வேலைவாய்ப்பு பற்றி எங்கள் கட்சி விளம்பரம் ஒன்றைப் பெருமையாகப் போட்டார். முதலில் கேள்வி கேட்டது நான்தான். "இது ஒப்பந்தத்துல போட்ட எண்ணிக்கையா, வேலைக்குச் சேர்ந்தவங்க எண்ணிக்கையா?" அவருக்குக் கோபம். மைன்-2 உடனே தன் கட்சி விளம்பரம் ஒன்றை எடுத்து, அதிலும் அதே ஓட்டை இருப்பதைக் காட்டினான். அன்று ராத்திரி பதினோரு மணி வரை விவாதம். ஒருவரும் வெளியேறவில்லை. ஓட்டு யாருக்கும் மாறியிருக்காது என்று நினைக்கிறேன். எனக்கு மாறவில்லை. ஆனால் மறுநாள் காலையில் எல்லோரும் வழக்கம்போல் குட்மார்னிங் போட்டார்கள். அது போதும்.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் முதல் முறை ஓட்டுப் போடும் வயதில் இருக்கிறீர்கள். கட்சி வேண்டாம் என்று உங்களிடம் சொல்லமாட்டேன். தாராளமாக ஒரு கட்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள், கொடி பிடியுங்கள், கோஷம் போடுங்கள். ஆனால் உங்கள் கட்சி விளம்பரத்துக்கு முதல் தணிக்கையாளர் நீங்களாக இருங்கள். எதிர்க்கட்சிக்காரன் கேட்டால் கட்சி பதில் சொல்லாது. சொந்த ஆதரவாளன் கேட்டால் என்றைக்காவது சொல்லித்தான் ஆக வேண்டும். இயற்பியல் பரிசோதனைக் கூடத்தில் அளவை எழுதிவிட்டு அலகு எழுதாவிட்டால் நம் ஆசிரியர்கள் மதிப்பெண் கொடுத்தார்களா? கட்சிக்கு மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்?

கடைசியாக ஓர் அறிவிப்பு. எங்கள் நோட்டு ஆட்டத்தில் அடுத்த சீசனுக்கு இரண்டு இடம் காலியாக இருக்கிறது. இப்போது படிக்கும் மாணவ மாணவியருக்கு முன்னுரிமை. நுழைவுக் கட்டணம், 192 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று. எந்தக் கட்சியாக இருந்தாலும் சேர்த்துக்கொள்ளப்படும். பெயர் கொடுக்க வேண்டிய இடம், மூன்றாவது வரிசையில் நீலச் சட்டை. கணக்கில் அவன் என்னைவிடக் கறார். இதுவரை ஜெயித்த சீசன்களில் அவன் என்னைவிட ஒன்று முன்னால் இருக்கிறான் என்பதையும் முழு ஸ்கோர்கார்டு விதிப்படி இங்கே சொல்லிவிடுகிறேன்.

 வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!